மலைப்பாதை பழக வந்தவன்

இருபது வருஷம் ரயில் ஓட்டியவனை ஒரு மடக்குப் பலகையில் உட்காரவைத்து, வேடிக்கை மட்டும் பார், எதையும் தொடாதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? இலியாவுக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பலகை என்ஜின் கேபினில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், சுவரோடு சேர்த்துத் திருகியிருந்தது. காலை நீட்ட இடம் கிடையாது. வளைவு வரும்போதெல்லாம் முழங்கால் இரும்பில் இடிக்கும்.

அவன் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் புரின். ரியேகா துறைமுகத்தில் இரண்டே அறைகளில் இருந்த சின்னக் கம்பெனி. ஒரே ஒரு என்ஜினை வாடகைக்கு எடுத்துத் துறைமுக யார்டில் நிறுத்தியிருந்தார்கள். அதன் கூரை முழுக்கக் கடற்காக்கை எச்சம். தனியார் கம்பெனிகளும் நாட்டின் தண்டவாளத்தில் சரக்கு ரயில் விடலாம் என்று சட்டம் வந்திருந்தது. விடலாம்தான். அதற்கு உரிமம் வேண்டும், பாதுகாப்புச் சான்று வேண்டும், காப்பீடு வேண்டும், கால அட்டவணையில் ஓர் இடம் வேண்டும். புரினை நடத்திவந்த லோரெடானா இதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி முடிப்பதற்குள் அவள் தலையில் கறுப்பு முடியைத் தேட வேண்டியதாகிவிட்டது.

எல்லாம் கிடைத்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும். பாதை தெரிந்த ஓட்டுநர் ஒருவரோடு கேபினில் உட்கார்ந்து பல தடவை போய்வந்து, கடைசியில் அவர் 'இவனுக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ரியேகாவிலிருந்து மலை ஏறும் பாதை தெரிந்தவர்கள் எல்லோரும் பழைய அரசுக் கம்பெனியில்தான் இருந்தார்கள். ஆக, யாருடைய சரக்கைப் பிடிக்க வந்தானோ அவர்களுடைய என்ஜினிலேயே ஏறி அவன் பாதை பழக வேண்டும். 'கூட்டிப் போக மாட்டோம்' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 'இன்றைக்கு இடமில்லை' என்று சொல்ல உரிமை இருந்தது. அதைத் தாராளமாகச் சொன்னார்கள். டெப்போ வாசலில் பையும் கையுமாக நின்று, இடமில்லை என்று கேட்டுத் திரும்பிப்போவதே இலியாவுக்குக் கோடைகாலம் முழுக்க வேலையாக இருந்தது.

டிசம்பரில் புது அட்டவணை. அதற்குள் பாதை தெரிந்த ஓட்டுநர் இல்லையென்றால், புரினுக்குக் கொடுத்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

கடைசியில் அவனை ஏற்றிக்கொண்டவர் ஃபெர்டோ சுபெரினா. ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த ஆள். பெரிய தொப்பை, சிவந்த முகம், ஓயாத வாய். டெப்போவில் எல்லோரும் அவரை 'பார்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரை ஊர்களில் வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவது. அவரும் ஒன்றும் அன்பினால் ஏற்றிக்கொள்ளவில்லை.

"மத்தவனுங்க எல்லாம் உன்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறானுங்க. எனக்குத் திருப்பக்கூட தெம்பு இல்ல. ஏறு" என்றார் முதல் நாள்.

இலியா ஏறினான்.

"எந்த ஊரு நீ?"

"வின்கோவ்ட்சி, பார்பா."

"அடப்பாவி, சமவெளிக்காரனா! அங்க தண்டவாளத்தைத் தட்டுல வச்ச மாதிரில்ல போட்டிருப்பாங்க. காலையில ஒரு தள்ளு தள்ளிட்டு சாயந்திரம் போய் நிறுத்துவீங்களா?"

"நிறுத்தக்கூட வேணாம், பார்பா. அதுவா நின்னுடும்."

ஃபெர்டோ அவனை ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மதியம் தன் மத்தி மீன் டப்பாவைத் திறந்தபோது அவன் பக்கமும் நீட்டினார். இலியா ஊரிலிருந்து கொண்டுவந்த காரமான குலென் தொத்திறைச்சியை நறுக்கி வைத்தான். அதை மட்டும் அவர் மறுப்பே சொல்லாமல் சாப்பிட்டார்.

சொல்லிக்கொடுக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. "கண்ணு இருக்குல்ல? பாரு" என்பார். மற்றபடி வைதுகொண்டே ஓட்டுவார். மேலதிகாரிகளை வைவார், மலையிலிருந்து கடலை நோக்கிச் சுழன்றடிக்கிற புரா காற்றை வைவார், மழையை வைவார், மழை இல்லாததை வைவார். முக்கால்வாசி நேரம் இலியா மாதிரி ஆட்களையே வைவார்.

"உன்ன மாதிரி நாலு பேரு காசு ஜாஸ்தின்னு புதுக் கம்பெனிக்கு ஓடிட்டீங்க. உங்க ஷிஃப்ட்டை யாரு பாக்குறா? இந்தக் கிழவன் பாக்குறான். நேத்து பாத்தேன், இன்னிக்குப் பாக்குறேன், நாளைக்கும் வாடான்னு போன் வந்தாச்சு. என் பொண்டாட்டி என்னைப் போட்டோவுலதான் பாக்குறா."

இலியாவிடம் பதில் இருந்தது. சொல்லத் தெம்பில்லை. பகலில் பாதி துறைமுகத்தில் பெட்டிகளை இடம் மாற்றிக் கோக்கிற ஷன்டிங் வேலை. ஓய்வு நாளில்தான் இந்தப் பாதை பழகும் பயணம். கம்பெனி எடுத்துக்கொடுத்த வீட்டில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருந்தான். அவன் கண்ணயரும் நேரத்துக்குத்தான் அவர்களில் ஒருவன் எழுந்து காபி போடுவான். மனைவி கத்திட்சா போனில் பேசும்போது பாதியில் அவன் சத்தம் நின்றுபோகும். "தூங்கிட்டியா? சரி, தூங்கு" என்று அவளே வைத்துவிடுவாள்.

நவம்பர் நடுவில் ஒரு மத்தியானம் நடந்தது இது.

சமவெளியிலிருந்து வந்த கோதுமை ரயிலை ஃபெர்டோ மலை உச்சியிலிருந்து துறைமுகத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். மலைமேல் ஃபுஜினே ஊரில் இரவு பெய்த பனி ஓரங்களில் கிடந்தது. லிச் ஸ்டேஷன் தாண்டியதும் வானம் திறந்து நல்ல வெயில். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே விழுந்து கேபின் அடுப்பங்கரை மாதிரி கதகதவென்று ஆனது. லிச்சிலிருந்து கடல் மட்டம் வரைக்கும் ஒரே இறக்கம். பாரம் ஏற்றிய வண்டியை அந்த இறக்கத்தில் பிரேக்கை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து இறக்க வேண்டும். கணக்கில்லாமல் அடிக்கடி விட்டுவிட்டால், பிறகு பிடிக்கப் பிரேக்கில் காற்று இருக்காது.

ஃபெர்டோவின் பேச்சு நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இலியாவும் அதைக் கவனிக்கவில்லை. அவனும் அரைக்கண்ணோடுதான் இருந்தான். ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தபோது சக்கரச் சத்தம் மாறியிருப்பது காதில் பட்டது. வேகமானியைப் பார்த்தான். முள் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

"பார்பா."

ஃபெர்டோ நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. வலது கால் மிதியை அழுத்தியது, விட்டது, அழுத்தியது. ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று பார்ப்பதற்காகவே வைத்திருக்கிற மிதி அது. மிதிக்காமல் விட்டால் மணி அடித்து வண்டி தானாக நிற்கும். நாற்பது வருஷப் பழக்கத்தில் அந்தக் கால் மட்டும் தூங்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்பா! ஏய், பார்பா!" தோளைப் பிடித்து உலுக்கினான். தலை ஒருபக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

முன்னால் இடதுபக்கமாக ஒரு வளைவு தெரிந்தது. அது இந்த வேகம் தாங்காத வளைவு என்று இப்போது இலியாவுக்குத் தெரியும். விருந்தாளி எதையும் தொடக் கூடாது என்பதும் தெரியும். அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தான். ஃபெர்டோவின் மடிக்கு மேலே குனிந்து, கையை நீட்டிப் பிரேக் கைப்பிடியை இழுத்தான்.

காற்று சீறியது. பின்னால் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு முனகின. வளைவுக்குள் வேகம் பாதியாகக் குறைந்தே நுழைந்தார்கள். வளைவு முடிந்து, மேயா ஸ்டேஷனின் சிக்னல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி நின்றது. இரும்பு கருகிய வாசனை. ரொம்பக் கீழே பாக்கர் வளைகுடாவின் தண்ணீர் பளபளத்தது.

ஃபெர்டோ கண்ணை முழுக்கத் திறந்தார். முதலில் சிக்னலைப் பார்த்தார். பிறகு பிரேக் கைப்பிடியின் மேலிருந்த இலியாவின் கையைப் பார்த்தார்.

கன்ட்ரோல் அறையிலிருந்து ரேடியோ கூப்பிட்டது. "ஃபெர்டோ, என்னாச்சு? ஏன் நிக்கிறே?"

ஃபெர்டோ ரேடியோவை எடுத்தார். "மான்" என்றார். "குறுக்க மான் வந்துருச்சு."

"அடிச்சிட்டியா?"

"இல்ல. தப்பிச்சிருச்சு."

"அட, அடிச்சிருந்தா ராத்திரிக்குக் குழம்பு ஆயிருக்கும்ல. சரி, பாத்து வா."

ரியேகா யார்டில் இறங்கியபோது ஃபெர்டோ அவன் முகத்தைப் பார்க்காமல், "போய்த் தூங்கு" என்று மட்டும் சொன்னார்.

மான் கதை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. என்ஜினில் வேகத்தைப் பதிவுசெய்கிற கருவி இருக்கிறதே. அதைப் படித்துப் பார்த்த பழைய கம்பெனி ஆட்கள், வேகம் ஏன் ஏறியது, பிரேக் ஏன் அப்படிப் போடப்பட்டது என்று கேட்டார்கள். கேபினில் யார் யார் இருந்தார்கள் என்றும் கேட்டார்கள். புரின்காரன் ஒருவன் இருந்தான் என்றதும் அவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அந்த வாரக் கடைசியிலேயே தண்டவாள நிர்வாகத்திடம் புகார் போனது: அனுமதி கேட்டு நிற்கிற கம்பெனியின் ஆள், எங்கள் ஓட்டுநரின் வண்டியில் பிரேக்கைத் தொட்டிருக்கிறான். இப்படிப்பட்ட கம்பெனியைத் தண்டவாளத்தில் விடலாமா? விசாரணை முடியும்வரை புரினோடு ஒப்பந்தம் கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

லோரெடானா இலியாவைக் கூப்பிட்டாள். மேசையில் பாதி குடித்த காபிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன.

"தொட்டியா?"

"தொட்டேன், மேடம்."

"ஏன்?"

"மான் வந்துச்சு."

லோரெடானா நாற்காலியில் சாய்ந்து அவனையே பார்த்தாள். "மான் வந்தா டிரைவர் பிரேக் போடுவான். நீ ஏன் போட்ட?"

இலியா ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"இலியா, நான் ரயில் ஓட்டுனதில்ல. ஆனா முட்டாளும் இல்ல. அந்த ஆளு தூங்கிட்டாரு. அதானே?"

இலியா மேசை ஓரத்துக் கோப்பை ஒன்றை உள்ளே நகர்த்திவைத்தான்.

"நீ பேசாம இருக்கிறதே பதில்தான்." எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "இங்க பாரு. அவங்க ஆளை அவங்களே தூங்கவிடாம வேலை வாங்கியிருக்காங்க. நீ மட்டும் இல்லன்னா அந்த வண்டி கடல்ல கிடந்திருக்கும். இதை நீ எழுதிக் கொடுத்தா அவங்க வாயைத் திறக்க முடியாது. டிசம்பர் அட்டவணையில நமக்கு இடம் உறுதி. எழுதலன்னா அந்த என்ஜினைத் திருப்பிக் கொடுத்துட்டு, வெளியே உக்காந்திருக்கிற பன்னெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். பொய்யையா எழுதச் சொல்லுறேன்? உண்மையைத்தானே எழுதச் சொல்லுறேன்."

"உண்மைதான், மேடம்."

"அப்புறம் என்ன?"

"எழுதினா அவரு லைசென்ஸ் போயிடும். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கு."

லோரெடானா இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். கோபம்கூட அவளிடம் மிச்சமில்லை. "எனக்கு யாரையும் கெடுக்கணும்னு ஆசை இல்லப்பா. ஒரு ரயில் விடணும். ஒரே ஒரு ரயில். அது இவ்வளவு பெரிய தப்பா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இலியா ஃபெர்டோவின் வீட்டைத் தேடிப் போனான். நகரத்தின் மேல்பக்கம், ஏகப்பட்ட படிகள் ஏறிப் போக வேண்டிய அடுக்குமாடி வீடு. ஃபெர்டோவே கதவைத் திறந்தார். பனியனோடு, கையில் மரக்கரண்டியோடு நின்றார். உள்ளே அடுப்பில் யோட்டா சூப் கொதித்துக்கொண்டிருந்தது, புளித்த முட்டைக்கோஸ் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது.

"வா, சமவெளிக்காரா. பொண்டாட்டி ஆஸ்பத்திரி சமையல்ல டியூட்டி. நாம ரெண்டு பேருதான்."

தட்டில் ஊற்றி வைத்தார். ஒயினில் தண்ணீர் கலந்து இரண்டு டம்ளர் வைத்தார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள்.

"எங்க ஆளுங்க எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க" என்றார் ஃபெர்டோ. "வண்டி என் கட்டுப்பாட்டுலதான் இருந்துச்சாம். விருந்தாளிதான் பயந்துபோய்க் கைப்பிடியை இழுத்தானாம். நான் கையெழுத்துப் போட்டாப் போதுமாம். மலை இறக்கம் பாத்துச் சமவெளிக்காரன் பயந்துட்டான், யாரு நம்பாம இருப்பா?"

"எங்க மேடமும் என்னை எழுதித் தரச் சொல்லிக் கேக்குறாங்க, பார்பா."

"தெரியும். கேக்காம இருந்தாத்தான் தப்பு." டம்ளரை நகர்த்திவைத்தார். "நீ ஏன் இன்னும் எழுதல?"

"தெரியல."

"என் மேல பரிதாபமா?"

"இல்ல, பார்பா. எனக்கும் தூக்கம்தான் வந்துச்சு அன்னிக்கு. நானும் தூங்கியிருந்தா?"

ஃபெர்டோ கரண்டியைத் தட்டில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ கம்பளத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு" என்றார். "எவ்வளவு நேரம்?"

"லிச் தாண்டி நீங்க பேசிட்டுத்தான் இருந்தீங்க. சுரங்கத்துக்குள்ள போனது…"

"சுரங்கமா?"

"ஆமா."

"சுரங்கம் எனக்கு ஞாபகமே இல்ல." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "அன்னிலேருந்து யோசிக்கிறேன். சுரங்கத்துக்குள்ள போனதும் ஞாபகம் இல்ல, வந்ததும் ஞாபகம் இல்ல. மேயா சிக்னல் சிவப்பாத்தானே இருந்துச்சு?"

"சிவப்புதான்."

"அதான். ஒரே தண்டவாளம்தானே, மலை ஏறி வர பாசஞ்சருக்காக நம்மள அங்க நிறுத்துவாங்க. அந்த நேரத்துல ஸ்கூல் விட்டுப் பசங்க வருவாங்க அதுல."

எழுந்து போய் அடுப்பை அணைத்தார். பிறகு ஃபெர்டோ, "நீ எவ்வளவு காசுக்குப் போன அந்தக் கம்பெனிக்கு?" என்று கேட்டார்.

"நான் போகல, பார்பா. உங்க கம்பெனியிலதான் இருந்தேன், அனுப்பிட்டாங்க. வின்கோவ்ட்சியில ஆளு அதிகம்னு எங்க முப்பது பேரை வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. நான் எட்டு மாசம் சும்மா இருந்தேன்."

ஃபெர்டோவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அங்க ஆளு அதிகமா?"

"ஆமா."

"இங்க ஆளில்லாம நான் லீவு நாள்லயும் ஓட்டுறேன். அங்க ஆளு அதிகம்னு அனுப்பியிருக்கான்." அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, "உன்னை எவ்வளவு வைதேன் அதுக்கு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?" என்றார்.

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

கிளம்பும்போது வாசலில் நின்று ஃபெர்டோ சொன்னார்: "நீ ஒண்ணும் எழுத வேணாம். உன்னைக் கேட்டா நடந்ததைச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாத. எனக்கு அது வேணாம்." இலியா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி, "படியில இருட்டா இருக்கும், பாத்து இறங்கு" என்று கதவைச் சாத்திவிட்டார்.

விசாரணை தலைநகர் ஜாக்ரெப்பில். காலை ஒன்பதுக்கு வரச் சொல்லிவிட்டு மதியம் வரை நடைவழியில் உட்காரவைத்தார்கள். ஒரு பெஞ்சில் லோரெடானாவும் இலியாவும். எதிர் பெஞ்சில் ஃபெர்டோ. அவருக்கு இரண்டு பக்கமும் பழைய கம்பெனி வக்கீல்கள், இஸ்திரி கலையாத கோட்டோடு. ஃபெர்டோவும் கோட்டுப் போட்டிருந்தார். அது பொத்தான் எட்டாத பழைய கல்யாணக் கோட்டு.

முதலில் ஃபெர்டோவைக் கூப்பிட்டார்கள். கதவு முழுக்க மூடவில்லை. உள்ளே பேசுவது நடைவழியில் கேட்டது.

"வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"இல்லீங்க."

வக்கீல்களில் ஒருவர் எழுந்தார், உட்கார்ந்தார்.

"விளக்கமாகச் சொல்லுங்கள்."

"என்ன விளக்கம்? தூங்கிட்டேன். லிச்சுக்கும் மேயாவுக்கும் நடுவுல. மான் எல்லாம் இல்ல, அது நான் சொன்ன பொய். அந்தப் பையன் கூப்பிட்டிருக்கான், உலுக்கியிருக்கான், நான் எந்திரிக்கல. அப்புறம்தான் பிரேக்கைத் தொட்டான்."

"முந்தின வாரம் எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது உங்களுக்கு?"

"அதை என்கிட்ட ஏன் கேக்குறீங்க? போட்டவங்களைக் கேளுங்க. நான் வேணாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. நாற்பது வருஷமா சொன்னதில்ல, பழக்கம் இல்ல."

லோரெடானா இலியாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வெளியே வந்த ஃபெர்டோவைச் சுற்றி வக்கீல்கள் நின்றுகொண்டு கிசுகிசுத்தார்கள். அவர் அவர்களை விலக்கிவிட்டு வந்து இலியாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

"அப்பாடா" என்று மூச்சு விட்டார். "இந்தக் கோட்டு கழுத்தை அறுக்குது."

எல்லாம் முடிந்து தீர்ப்பு வந்தபோது யாருக்கும் ஜெயித்த மாதிரி இல்லை. ஃபெர்டோவின் ஓட்டும் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். மிச்ச மாதங்களுக்கு டெப்போவில் சாவி கொடுக்கிற ஜன்னலில் அவரை உட்காரவைத்தது பழைய கம்பெனி. ஓட்டுநர்களுக்குப் போதிய ஓய்வு கொடுக்கும்படி அந்தக் கம்பெனிக்கு ஒரு அறிவுரை போனது. புரின் மேல் தப்பில்லை என்றார்கள். ஆனால் விருந்தாளியாக வந்தவன் கருவியைத் தொட்டது தொட்டதுதான், விதி அதை அனுமதிக்கவில்லை. தவிர, தூங்கிப்போன ஓட்டுநரோடு பழகிய பாதையைப் பழகியதாக எப்படி எடுத்துக்கொள்வது? ஆகவே இலியா இதுவரை போன பயணங்கள் எதுவும் கணக்கில் வராது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டிசம்பர் வந்தது. அட்டவணையில் புரினுக்கு வைத்திருந்த இடம் வேறொரு கம்பெனிக்குப் போனது.

இதற்கு நடுவில் விதியிலும் ஒரு வரி சேர்ந்தது. பாதை பழக வருகிறவனின் இருக்கை, பிரேக் கைப்பிடிக்குக் கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். லோரெடானா அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். ஆபீசில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், இலியாவும் சிரித்தான்.

குளிர்காலம் முழுக்க இலியா மறுபடி அந்தப் பாதையில் போய்வந்தான். மடக்குப் பலகை இப்போது கேபினின் பின்சுவரில் இருந்தது. இந்தத் தடவை ஓட்டியவர் பெயர் க்ளாவ்டியோ. நல்ல ஓட்டுநர், ஒழுங்கானவர், வாயே திறக்காதவர். ஏறும்போது ஒரு தலையசைப்பு, இறங்கும்போது ஒரு தலையசைப்பு. குலென் நீட்டினால் வயிற்றைத் தொட்டுக் காட்டி வேண்டாம் என்பார். இரண்டு வாரம் புரா காற்று அடித்துப் பாதையையே மூடிவைத்தார்கள். திறந்ததும் மறுபடி டெப்போ வாசல், மறுபடி "இன்னிக்கு இடமில்ல." யாராவது மேலதிகாரிகளை வைய மாட்டார்களா என்று இலியாவுக்கு ஏக்கமாக இருக்கும்.

புரினில் ஐந்து பேர் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்கள். லோரெடானா யாரையும் தடுக்கவில்லை. என்ஜினை வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று போனில் கெஞ்சிக் கெஞ்சி அதைத் திருப்பிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் க்ளாவ்டியோ எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே சமயத்தில், இடம் வாங்கிவைத்திருந்த ஒரு கம்பெனி பல வாரங்களாக ரயிலே விடாததால், விதிப்படி அந்த இடம் திரும்பப் பெறப்பட்டு, காத்திருந்தவர்களுக்கு வந்தது. புரின்தான் வரிசையில் அடுத்து. ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்றைக்குக் கொண்டாடுவதற்காக யாரோ ஒரு ஒயின் புட்டி வாங்கிவந்தார்கள். லோரெடானா, "நாளைக்குக் குடிக்கலாம்ப்பா, இன்னிக்கு வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதல் ரயிலை இலியா மலைக்கு ஏற்றினான், மறுநாள் கோதுமையோடு இறக்கினான். லிச் தாண்டியதிலிருந்து மேயாவரை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து இறக்கினான். சுரங்கத்தில் வேண்டுமென்றே உரக்கப் பாடினான். கன்ட்ரோல் அறை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மேயாவில் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, போகட்டும் என்று பச்சைத் தட்டைக் காட்டிவிட்டு, என்ஜினில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் மீன் சந்தைக்குப் பக்கத்து காபிக்கடையில் ஃபெர்டோவைப் பார்த்தான். ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார்.

"எங்க மேடம் உங்களைக் கேட்டாங்க, பார்பா" என்றான் இலியா. "ஓட்ட வேணாம், ஆபீஸ்ல உக்காந்து யோசனை சொன்னாப் போதும்ங்கிறாங்க."

"போடா. எனக்குத் தூங்கணும்."

"இப்போ நல்லாத் தூங்குறீங்களா?"

"எங்க! விடியுறதுக்கு முன்னாடியே கண்ணு முழிச்சுக்குது. பொண்டாட்டி திட்டுறா. தூக்கத்துல வலது காலால அவளை மிதிச்சுக்கிட்டே இருக்கேனாம்." காபியை உறிஞ்சினார். "சரி, இறக்கம் எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"ம்" என்றார் ஃபெர்டோ. "உக்காரு, இன்னொரு காபி சொல்றேன்."

"வேணாம், பார்பா. ராத்திரி வண்டி இருக்கு. போய்க் கொஞ்சம் படுக்கணும்."

"அப்போ போ, போ. நிக்காத."

இலியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். மத்தியானச் சந்தை கலைந்துகொண்டிருந்தது, மேடைகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈரத்தில் வழுக்காமல் காலை வைத்து வைத்து நடந்து, வீட்டுக்குப் போகும் படிகளை ஏற ஆரம்பித்தான்.